பள்ளியை வாங்குவதா? மாலை வகுப்பு நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கைதூக்கி முடிவு செய்யப்போகும் முன்மொழிவை வரிவரியாகப் படித்தேன். கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் நர்சரி, தொடக்கப் பள்ளியைத் தாளாளர் ஐயா கைமாற்றிவிட நினைக்கிறார். வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். இடம், கட்டடம், இரண்டு வேன் எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கோடி கேட்கிறார். நம் கையில் 18 லட்சம் இருக்கிறது. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் 60 லட்சம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மீதிக்கு வங்கிக் கடன். எடுத்து நடத்தி, மூன்று ஆண்டில் எட்டாம் வகுப்பு வரை உயர்த்துவது திட்டம்.

நான் இதற்கு எதிராக வாக்களிக்கப்போகிறேன். காரணங்களைக் கூட்டத்தில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாது. இது நம் குழுவின் பணத்தை மட்டும் பொறுத்த விஷயமும் இல்லை. 210 குழந்தைகள், அவர்களைப் பெற்றவர்கள், 11 ஆசிரியைகள் சம்பந்தப்பட்டது. ஊரே படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மாலை ஆறு மணிக்கு நம் தொண்டர் குழுவின் வகுப்புக்கு வரும் பிள்ளை, பகல் முழுவதும் கரும்பலகையைப் பார்த்து எழுதிய சோர்வோடு வருகிறது. இங்கிலீஷ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குத் தமிழில் ஒரு பத்தி வாசிக்க வரவில்லை, ஆங்கிலத்திலும் வரவில்லை. நாம் ஒன்றரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுப்பதை மறுநாள் பகல் கலைத்துவிடுகிறது. பகலும் நம் கையில் இருந்தால் என்னவெல்லாம் செய்யலாம் என்று தம்பிகள் பேசும்போது அவர்கள் முகத்தில் தெரியும் ஒளியை நான் மதிக்கிறேன். உதவிபெறும் பள்ளியில் ஆசிரியையாகவும் தலைமையாசிரியையாகவும் காலம் கழித்தவள் என்பதால், அந்த ஆசைக்குப் பின்னால் வரப்போகும் செலவும் பொறுப்பும் எனக்குக் கொஞ்சம் முன்னதாகவே தெரிகின்றன.

முதலில், நாம் எதை வாங்குகிறோம்? முன்மொழிவில் ‘பள்ளியை வாங்குதல்’ என்றே எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் பள்ளி விற்பனைச் சரக்கு இல்லை. கல்வி நிறுவனம் நடத்துவோருக்கு நியாயமான உபரி இருக்கலாம், கொள்ளை இலாபம் கூடாது என்று டி.எம்.ஏ. பாய் வழக்கில் 2002-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் ஊர்ப் பள்ளியை நடத்துவது ஓர் அறக்கட்டளை. அங்கீகாரம் அந்த அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறது. நடைமுறையில் கைமாற்றம் என்றால் பழைய அறங்காவலர்கள் விலகி நாம் உள்ளே போவது, அல்லது பள்ளியையே வேறொரு கல்வி முகமைக்கு மாற்றுவது. இரண்டாவது வழிக்குத் துறையின் ஒப்புதல் வேண்டும். முதல் வழியில் போனால் அந்த அறக்கட்டளையின் கடன், வழக்கு, பாக்கி எல்லாம் நம்மோடு வரும். நிலம் அறக்கட்டளை பெயரில் இருக்கிறதா, தாளாளர் ஐயாவின் சொந்தப் பெயரில் இருக்கிறதா? இதற்கு முன்மொழிவில் பதில் இல்லை. அறக்கட்டளைச் சொத்து என்றால், விற்கும் அதிகாரம் பத்திரத்தில் தெளிவாக இல்லாதபோது நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அப்படி இருக்கையில் ஒன்றேகால் கோடியை யாருக்கு, எதற்காகக் கொடுக்கிறோம்? மூலப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் அறக்கட்டளைப் பத்திரமும் கண்ணில் படாமல் முன்பணம் பற்றிப் பேசவே கூடாது.

இடம் 38 சென்ட். அரசு அமைத்த சிட்டிபாபு குழுவின் பரிந்துரையை ஒட்டித் தனியார் பள்ளிகளுக்கு நில அளவு வகுத்தபோது மாநகராட்சியில் 6 கிரவுண்டு, பேரூராட்சியில் 1 ஏக்கர், கிராம ஊராட்சியில் 3 ஏக்கர் என்று வைத்தார்கள். அதற்கு முன் தொடங்கிய பள்ளிகள் பல அந்த அளவை எட்ட முடியாமல், தற்காலிக அங்கீகாரம் நீட்டிக்கப்படுவதை நம்பியே ஓடிக்கொண்டிருந்தன. 1998-இல் தொடங்கிய நம் பள்ளியும் அந்த வரிசையில் ஒன்று. 38 சென்டில் ஐந்தாம் வகுப்பு வரை ஓட்டுவதற்கே இந்த நிலை என்றால், அதே இடத்தில் எட்டாம் வகுப்பு வரை உயர்த்த அனுமதி கிடைக்கும் என்று எந்த நம்பிக்கையில் எழுதினோம்?

கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று என்று வரிசையாக வாங்கவும் புதுப்பிக்கவும் வேண்டியவற்றை முன்மொழிவு ‘அலுவலக நடைமுறைகள்’ என்று ஒரே வரியில் கடந்துபோகிறது. நம் ஊரிலிருந்து கும்பகோணம் அரை மணி நேரம். 2004 ஜூலை 16 அன்று காசிராமன் தெருவில் நடந்தது நம் வீடுகளுக்குள் நடந்ததைப்போல. ஒரு பள்ளியின் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். சமையல் கூடத்துக் கூரையில் பற்றிய தீ மாடி வகுப்பறைகளின் ஓலைக்கூரைக்குத் தாவியது. குறுகலான ஒரே படிக்கட்டில் பிள்ளைகள் இறங்க முடியவில்லை. அதன் பிறகுதான் ஓலைக்கூரைகள் ஊர் ஊராக இறங்கின. 2012 ஜூலையில் சென்னைக்குப் பக்கத்தில் சேலையூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு குழந்தை இறந்தாள். அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. இந்தச் சான்றுகள் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு குழந்தையின் பெயர் இருக்கிறது. அவற்றில் கையெழுத்துப் போடப்போவது யார்? குழு கையெழுத்துப் போடாது. ஒரு தாளாளர்தான் போடுவார். நம்மில் யார் அந்தத் தாளாளர்? முன்மொழிவில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

இனிப் பணம். இதில் கொஞ்சம் நிதானமாக நிற்கிறேன். தமிழ்நாட்டில் 1991-92 கல்வியாண்டுக்குப் பின் தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடையாது. நான் வேலை பார்த்த பள்ளியில் எங்கள் சம்பளம் அரசிடமிருந்து வந்தது. நிர்வாகம் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டால் போதும். நாம் எடுக்க நினைக்கும் பள்ளிக்கு அந்த வாய்ப்பு என்றைக்கும் வராது. ஆகவே கட்டணம் ஒன்றுதான் வருமானம். ஆண்டுக்குச் சராசரி 13,000 ரூபாய். 210 பிள்ளைகளும் ஒரு பைசா பாக்கி வைக்காமல் கட்டினால் 27 லட்சத்து 30 ஆயிரம். நமக்குத் தேவைப்படும்போது உயர்த்திக்கொள்ளவும் முடியாது. 2009-ஆம் ஆண்டின் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு வைப்பதுதான் கட்டணம். அதுவும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. உயர்த்த முடிந்தாலும் உயர்த்துவோமா? நம் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் அப்பாக்கள் கொத்தனார்கள், லோடு ஏற்றுபவர்கள். 13,000-த்தையே மூன்று தவணையாகக் கட்டுகிறார்கள்.

அந்த 27 லட்சத்தில் பள்ளி இன்று எப்படி ஓடுகிறது? ஓர் ஆசிரியைக்குச் சராசரி 8,500 ரூபாய் சம்பளம். 11 பேருக்கு ஆண்டுக்கு 11 லட்சத்துச் சொச்சம். அரசுப் பள்ளியில் புதிதாகச் சேரும் இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 20,600, அதன்மேல் அகவிலைப்படி. அதே டி.டி.எட்., அதே பி.எட். படித்த நம் ஊர்ப் பெண்கள், துணிக்கடையில் கிடைப்பதைவிடக் குறைந்த கூலிக்கு, காலை எட்டரைக்கு வந்து வேன் ட்யூட்டியும் பார்த்துவிட்டு மாலை ஐந்துக்கு வீட்டுக்குப் போகிறார்கள். தமிழ்நாட்டில் குறைந்த கட்டணத் தனியார் பள்ளி என்று நாம் பார்க்கும் பெரும்பாலான பள்ளிகள் இந்தப் பெண்களின் சம்பளக் குறைவில்தான் நிற்கின்றன. தாளாளர் ஐயாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் தன் வீட்டுப் பணத்தையும் இதில் போட்டவர். கணக்கே அப்படித்தான் அமைந்திருக்கிறது.

நாம் எடுத்து நடத்தினால் இந்தச் சம்பளத்தை அப்படியே வைத்திருப்போமா? மாட்டோம் என்று உங்களை அறிந்தவள் என்ற முறையில் சொல்வேன். மாதம் 20,000 கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். 11 பேருக்கு ஆண்டுக்கு 26 லட்சத்து 40 ஆயிரம். மொத்தக் கட்டணத்தில் மிச்சம் 90,000 ரூபாய். அதில் தலைமையாசிரியர், இரண்டு ஆயாக்கள், இரண்டு ஓட்டுநர்கள், அலுவலகத்து அம்மா, டீசல், வேன்களுக்கு எஃப்.சி., இன்சூரன்ஸ், கரண்ட் பில், பராமரிப்பு, வங்கிக் கடனின் தவணை. எட்டாம் வகுப்பு வரை உயர்த்தி, வேலை செய்வோர் இருபதைத் தொட்டால் பி.எஃப். பங்கும் சேரும். முன்மொழிவின் வரவு செலவுத் திட்டம் சமமாக முடிகிறது. எப்படி முடிகிறது என்று தேடினேன். ‘ஊதியம்: தற்போதுள்ளபடி’ என்று ஒரு வரி இருக்கிறது. நண்பர்களே, அந்த வரியோடு நாம் இந்தப் பள்ளியை எடுத்தால் நம் தொண்டுக்கு உரிய விலையை அந்த 11 பெண்கள் மாதாமாதம் கட்டுவார்கள். நாம் விளக்கேற்றிப் படம் எடுத்துக்கொள்ளும் நாளிலும் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

எந்தத் தாளிலும் இல்லாத இன்னொரு கடன் இருக்கிறது. பணிக்கொடை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளியில் ஐந்து ஆண்டு முடித்த ஆசிரியருக்குப் பணிக்கொடை உண்டு. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரலிலிருந்தே அது பொருந்தும் என்றார்கள். தனியார் பள்ளிகள் எதிர்த்துப் போன வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் ஆசிரியர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் சம்பளம். கணக்கு கடைசியாக வாங்கிய சம்பளத்தின் மேல். 18 ஆண்டு வேலை பார்த்த ஆசிரியை 9,000 ரூபாய் சம்பளத்தில் ஓய்வு பெற்றால் சுமார் 93,000 ரூபாய். நாம் நியாயம் செய்கிறோம் என்று அவர் சம்பளத்தை 20,000 ஆக்கினால் அதே 18 ஆண்டுக்கு 2 லட்சத்து 7 ஆயிரம். கொடுக்க வேண்டியதுதான், ஒவ்வொரு ரூபாயும் அவர்களுடையது. பழைய நிர்வாகம் ஒதுக்கி வைக்காத அந்தப் பணத்தை நாம்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட ஆசிரியைகள் ஐந்து பேர் இருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகளின் 60 லட்சம் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். அதை வாங்க வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு அமைப்பு மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாயாவது தன் பணிக்குச் செலவழித்திருக்க வேண்டும். நம் செலவு அதன் பக்கத்தில்கூட இல்லை. தருவதாகச் சொன்னவர்களில் பாதிக்கு மேல் குடியுரிமை மாறியவர்கள் என்று அவர்களில் ஒருவரே என்னிடம் சொன்னார். அன்போடு சொன்ன அந்த வாக்கில் பெரும்பகுதியை இன்றைய நிலையில் நம்மால் சட்டப்படி கையில் வாங்க முடியாது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களை நாம் மனமுவந்து கொடுப்போம். அதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பிள்ளைகளுக்கான தொகை அரசிடமிருந்து வந்துசேரும் காலம்தான் நம் கையில் இல்லை. ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் இடையிலான நிதிச் சிக்கலில் 2025-26-க்கான அந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை தொடங்கவில்லை. பெரிய பள்ளி தாங்கிக்கொள்ளும். 210 பிள்ளைகள் உள்ள பள்ளியில் ஒரு தவணை தாமதமானால் அந்த மாதச் சம்பளம் நிற்கும். 2020-21 கொரோனா ஆண்டில் சின்னத் தனியார் பள்ளிகளில் நடந்தது நினைவிருக்கிறதா? கட்டணம் நின்றது, சம்பளம் நின்றது. ஆசிரியைகள் பலர் நூறு நாள் வேலைக்கும் மளிகைக் கடைக்கும் போனார்கள். பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு மாறினார்கள்.

இதோடு ஊரின் தொட்டில்களையும் எண்ணிப் பாருங்கள். 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரி 1.4 குழந்தை. மக்கள்தொகை நிலையாக இருக்க வேண்டிய 2.1-க்கு வெகு கீழே. தாளாளர் ஐயாவின் பதிவேட்டில் எல்கேஜி சேர்க்கை ஆண்டுக்காண்டு இறங்கி வருவதற்கு அவருடைய முதுமை மட்டும் காரணம் இல்லை. பதினைந்து ஆண்டுக் கடனை எடுத்து, ஆண்டுதோறும் குறையும் பிள்ளைகளின் கட்டணத்தில் அதை அடைக்கப் போகிறோம்.

பணமெல்லாம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் எனக்குத் தயக்கம் தீராது. காரணம் நம் குழுவின் இயல்பு. தொண்டர் என்பவர் தன் வேலை, தன் வீடு, தன் படிப்பு போக மிஞ்சிய நேரத்தைக் கொடுப்பவர். அதுதான் அவருடைய அழகு. தம்பிக்குச் சென்னையில் வேலை கிடைத்தால் போக வேண்டும், தங்கைக்குக் கல்யாணமானால் போவாள், போக வேண்டும். மாலை வகுப்பு அதைத் தாங்கும். ஒருவர் வராத நாளில் இரண்டு குழுக்களை ஒன்றாக உட்கார வைக்கிறோம். பள்ளிக்கூடம் தாங்காது. ஆண்டுக்கு 200 நாள், காலை ஒன்பது மணிக்கு, முதல் வகுப்பின் முன்னால் ஒருவர் நின்றாக வேண்டும். அன்றைக்கு மழையா, தேர்வா, அம்மாவுக்குக் காய்ச்சலா என்று யாரும் கேட்கமாட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் எத்தனை பேர் தெருவிளக்கின் கீழே பாடம் நடத்தினோம்! புதுக்கோட்டையில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியது அந்த அலையில்தான். அலை எழுந்தபோது தொண்டர்களால் முடியாதது எதுவும் இல்லை. ஆனால் அந்த வேகத்தை அன்றாடமாக நீட்டிப்பது, தொடர்கல்வி மையத்தைத் தினமும் திறந்து வைப்பது, வேறொரு வேலையாக இருந்தது. அதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் வேண்டியிருந்தது.

ஊர் கூடிப் பள்ளி நடத்திய வரலாறு நமக்கு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அதைத் திரட்டி விற்றுப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். வணிகர்கள் சரக்கின் மேல் மகமை கொடுத்தார்கள். காமராசர் படித்த பள்ளி அது. அங்கே நன்கொடையாளர் என்று தனியாக யாரும் இல்லை. உலை வைக்கும் ஒவ்வொரு வீடும் பள்ளிக்குச் சொந்தக்காரர். மகமை என்பது விருப்பப்பட்டால் தரும் தொகை இல்லை. வணிகம் நடக்கும் வரை வந்துகொண்டிருக்கும் வருமானம். நீலகிரியில் கூடலூரில் வித்யோதயா பள்ளியைப் பாருங்கள். ஆதிவாசி மக்கள் நில உரிமைக்காகச் சங்கமாகத் திரண்டு, பிறகு தங்கள் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் நிற்காமல் ஓடிவருவதைப் பார்த்து, 1990-களின் நடுவில் அதைத் தங்கள் பள்ளியாக்கிக்கொண்டார்கள். தங்கள் இளைஞர்களையே ஆசிரியராகப் பழக்கினார்கள். முதலில் மக்கள் கேட்டார்கள், பிறகு பள்ளி அவர்களுடையதானது. மறுபக்கம் தமிழ்வழியில் நடக்கும் தாய்த்தமிழ்ப் பள்ளிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1990-களில் எவ்வளவு நெஞ்சுரத்தோடு தொடங்கினார்கள்! கொள்கையில் அவர்கள் பக்கம்தான் நான். அரசு மானியம் இல்லாமல், கட்டணமும் அதிகம் வாங்காமல், நன்கொடையை நம்பி நடந்த அந்தப் பள்ளிகளில் பல மூடப்பட்டன. மிஞ்சியவை இன்னும் ஒவ்வொரு மாதச் சம்பளத்துக்கும் கையேந்துகின்றன.

நம் முன்மொழிவில் பெற்றோர் எங்கே வருகிறார்கள்? ‘பெற்றோர் ஒத்துழைப்பு’ என்ற ஒரே தொடரில். ஒரு பெற்றோரிடமும் நாம் இன்னும் கேட்கவில்லை.

இன்னொரு பள்ளி, தாளாளர் ஐயாவின் பள்ளியிலிருந்து முந்நூறு மீட்டரில் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. 46 பிள்ளைகள். அறுபது வரை இரண்டு ஆசிரியர் என்பது விதி. ஆகவே ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் எமிஸ் எனும் கல்வித் துறை இணையதளப் பதிவேற்றத்தில் உட்கார்ந்தால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார். வாங்க வேண்டிய நிலம் இல்லை, கட்ட வேண்டிய கட்டணம் இல்லை. 2022-இல் மதுரையில் தொடங்கிய காலைச் சிற்றுண்டி அங்கே கிடைக்கிறது; மதியம் முட்டையோடு சோறு. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவம், பொறியியல் படிப்புகளில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு. கல்லூரிக்குப் போனால் பெண் பிள்ளைக்குப் புதுமைப்பெண், ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் ஆயிரம் ரூபாய். நாம் தனியார் பள்ளியை எட்டாம் வகுப்பு வரை உயர்த்தி, நல்லெண்ணத்தோடு பிள்ளைகளை அங்கே நிறுத்தி வைத்தால், ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பை நம்மிடம் கட்டணம் கட்டிப் படித்த கொத்தனார் மகளுக்கு இந்த வாய்ப்புகள் நழுவும். இதை அவளுடைய அம்மாவிடம் யார் சொல்வது?

அந்தப் பள்ளியில் நாம் என்ன செய்யலாம் என்பதற்கும் வழி திறந்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்து உறுப்பினர் எண்ணிக்கையை 24 ஆக்கினார்கள். நம் குழுவில் எத்தனை பேர் அந்தப் பள்ளியில் படித்தவர்கள்! மாதக் கூட்டத்தில் போய் உட்காரலாம். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று தீர்மானம் போடலாம். தலைமையாசிரியரின் பதிவேற்ற வேலையில் ஒரு மடிக்கணினியோடு பக்கத்தில் உட்காரலாம். காமராசர் காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடந்தது. மக்கள் பெஞ்சும் பலகையும் மணியும் சுற்றுச்சுவரும் கொடுத்தார்கள். பள்ளி அரசின் பொறுப்பிலேயே இருந்தது. ஆசிரியர் சம்பளம் அரசிடமிருந்தே வந்தது. ஊர் தன்னால் முடிந்ததை அதன்மேல் சேர்த்தது. நம் 18 லட்சத்துக்கு அதுதான் சரியான இடம் என்று நினைக்கிறேன். அதில் பத்து லட்சத்தை வைப்புநிதியாகப் போட்டு, வரும் வட்டியோடு நம் மாதச் சந்தாவையும் சேர்த்தால், அந்தப் பள்ளிக்கு ஒரு கூடுதல் ஆசிரியையை நியாயமான சம்பளத்தில் துணைக்குத் தர முடியும். துறையின் அனுமதியோடு, மேலாண்மைக் குழு வழியாக.

சரி, அந்த 210 பிள்ளைகள்? என் தூக்கத்தைக் கெடுப்பது இந்தக் கேள்விதான். நாம் எடுக்காவிட்டால் நிலத்தை மனை போடுபவர் வாங்குவார், பிள்ளைகள் டி.சி.யைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று அக்கா ஒருவர் சென்ற கூட்டத்தில் சொன்னார். உண்மைதான். அதற்கு நம்மால் முடிந்தது ஒன்று உண்டு. தாளாளர் ஐயாவிடம் போய், ‘நிலத்தை விற்க வேண்டாம், குத்தகைக்குக் கொடுங்கள். அறக்கட்டளையில் பெற்றோர் நால்வரையும் ஆசிரியை இருவரையும் சேருங்கள். எங்களில் இருவர் கணக்கு எழுதவும் சான்றுகள் புதுப்பிக்கவும் உடன் நிற்கிறோம்’ என்று கேட்கலாம். அவர் ஊர்மேல் பற்றுள்ளவர், காது கொடுப்பார். ஒப்புக்கொள்ளாவிட்டால், கல்வியாண்டின் நடுவில் மூடாமல் ஏப்ரல் வரை நடத்துமாறு கேட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்த பள்ளியைத் தேடித் தரும் வேலையை நாம் எடுத்துக்கொள்ளலாம். அந்த வேலை தொண்டர்களால் முடியும். வீடு வீடாகப் போக நம்மைவிட யார் இருக்கிறார்கள்?

என் வாக்கை மாற்றக்கூடியது எது என்றும் சொல்லிவிடுகிறேன். ஐந்து ஆண்டுச் சம்பளம் நியாயமான அளவில் வங்கியில் இருக்கிறது என்று காட்டுங்கள். முழுநேரமாக, சம்பளம் வாங்கிக்கொண்டு, பத்து ஆண்டு இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்லும் ஒரு தாளாளரைக் காட்டுங்கள். பெற்றோர் நூறு பேர், இது எங்கள் பள்ளி, மாதம் இவ்வளவு நாங்கள் தருகிறோம் என்று கையெழுத்திட்ட தாளைக் காட்டுங்கள். மூன்றும் இருந்தால் முதல் கை என்னுடையதாக இருக்கும். என் ஓய்வூதியத்திலிருந்தும் தருவேன். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இன்னொரு வேண்டுகோள். சென்ற கூட்டத்தில் இரண்டரை மணி நேரம் பேசினோம்; கட்டடத்துக்கு என்ன வண்ணம் என்பது வரைக்கும். ஆசிரியைகளை யாரும் பார்க்கவில்லை. அவர்களில் மூன்று பேர்தான் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட் தேறியவர்கள். ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை கற்பிப்போர், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் அந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அந்தப் பெண்களுக்கு அது இப்போது பெரிய கவலை. படிக்க நேரம் இல்லை, பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணம் இல்லை. நம் குழுவில் டெட் தேறிய நான்கு பேர் இருக்கிறீர்கள். நம் மாலை வகுப்புக் கூடம் சனிக்கிழமை காலிதான்.

ஆகவே வாக்கெடுப்பை இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். இந்தச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர்கள் 11 பேரையும் கூடத்துக்கு அழைப்போம். பள்ளியைப் பற்றி அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்போம். டெட் வகுப்பை அன்றைக்கே தொடங்கலாமா என்றும் கேட்போம். குழந்தை மேம்பாட்டுப் பாடத்தை நான் எடுக்கிறேன். கணக்குக்கு யாராவது பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்